பெருநாடியின் வரத்தும் போக்கும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அடைமழை விடாது பெய்யும்போது, ஏரிப் பாசனமுள்ள ஊர்களில் இரவெல்லாம் கரையைக் காவல் காப்பது பழைய வழக்கம். கையில் விளக்கும் மண்வெட்டியுமாகச் சிலர் கரைமீது நடந்தவண்ணம் இருப்பர். இளைஞர்கள் நீர் மட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நட்டுவைத்த கழியில் தண்ணீர் எத்தனை விரற்கடை ஏறியிருக்கிறது என்று கணக்கிடுவார்கள். அநுபவம் மிக்க முதியவரோ, மட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, வேறு இரண்டு கேள்விகள் கேட்பார்: "வரத்துக்கால் எப்படி வருகிறது? கலிங்கு எப்படிப் போகிறது?" மட்டம் இதுவரை நடந்ததைச் சொல்லும், வரத்தும் போக்குமே இனி நடக்கப் போவதைச் சொல்லும். கரை நிற்குமா, உடையுமா என்று அறிய விரும்புகிறவன் இரண்டையும் கேட்டாக வேண்டும்.

இந்த ஏரிக்கரை அறிவுக்கும் இன்றைய மருத்துவ விஞ்ஞானத்தின் ஒரு புதிய முயற்சிக்கும் நெருங்கிய உறவு உண்டு. அதைத்தான் இன்று உங்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்ல வேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்த முதற்பாடம். ஆகவே ஏரியிலிருந்து தொடங்கினேன்.

நான் இதைப் படிக்கத் தொடங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. என்னோடு பல ஆண்டுகள் பணிபுரிந்த ஓவிய ஆசிரியர் ஒருவர், ஒரு நாள் காலையில் தோள்பட்டைகள் இரண்டிற்கும் நடுவே, முரட்டுத் துணியைக் கிழிப்பது போன்ற வலி கண்டு துடித்தார். மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்ததில், பெருநாடியின் சுவர் உட்புறமாகப் பிளந்திருப்பது தெரிந்தது. மருந்துகளாலேயே ஆபத்துக் காலத்தைக் கடந்து வீடு திரும்பினார். அதன்பின் ஆறு மாதத்திற்கு ஒருமுறை படம் எடுத்து நாடியின் குறுக்களவைக் குறித்து அனுப்புகிறார்கள். ஒருநாள் அவர் என்னிடம், "எவ்வளவு வீங்கியிருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறார்கள் சார். இனிமேல் வீங்குமா என்று சொல்வார் யாரும் இல்லை" என்றார். நீரின் அழுத்தத்தையும் ஓட்டத்தையும் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிக் கற்பித்தவன் நான். ஆனால் அன்று அவருக்குச் சொல்ல என்னிடம் விடை இல்லை.

முதலில் பெருநாடி என்பது யாது என்று காண்போம். இதயத்தின் இடக் கீழறை சுருங்கும்போது வெளிப்படும் இரத்தம் முழுவதும் பெருநாடி என்னும் பெருவழியில்தான் பாய்கிறது. அது இதயத்திலிருந்து மேல்நோக்கி எழுந்து, கைத்தடியின் பிடிபோல் வளைந்து, முதுகெலும்பை ஒட்டிக் கீழே இறங்கி, வயிற்றில் தொப்புளுக்கு அருகே இரண்டாகப் பிரிகிறது. மார்புப் பகுதியில் அதன் குறுக்களவு ஏறக்குறைய ஓர் அங்குலம். நிமிடத்திற்கு 70 முறை இதயம் துடிப்பதாகவும், ஒவ்வொரு துடிப்பிலும் 70 மில்லிலிட்டர் இரத்தம் வெளிவருவதாகவும் வைத்துக்கொண்டு பெருக்கிப் பாருங்கள். நிமிடத்திற்குச் சற்றேறக்குறைய 5 லிட்டர். ஒரு நாளைக்கு 7,000 லிட்டர். ஒரு லட்சம் துடிப்புகள். பகலிரவு ஓய்வின்றி ஒரு லட்சம் முறை மோதும் அலையைத் தாங்கும் கரையே பெருநாடியின் சுவர்.

அந்தச் சுவர் மூன்று அடுக்குகளால் ஆனது. உள்ளே மிக மெல்லிய வழவழப்பான அடுக்கு. நடுவே நீண்டு சுருங்கும் இயல்புள்ள இழைகளும் தசை நார்களும் ஏடு ஏடாக அமைந்த தடித்த அடுக்கு. வெளியே உறுதியான உறைபோன்ற அடுக்கு. நடு அடுக்கின் நெகிழ்ச்சி மிகவும் முக்கியமானது. இதயம் சுருங்கும்போது பெருநாடி சிறிது விரிந்து இரத்தத்திற்கு இடம் கொடுக்கிறது. இதயம் தளரும்போது அது மீண்டும் சுருங்கி, அந்த இரத்தத்தை முன்னே தள்ளுகிறது. இதனால்தான் இதயம் விட்டு விட்டுத் துடித்தாலும், உறுப்புகளுக்குச் செல்லும் ஓட்டம் விட்டுப்போவதில்லை.

நெடுநாளைய இரத்தக் கொதிப்பினாலோ, பிறவியிலேயே இழைகள் வலுக்குன்றியிருப்பதாலோ, இச்சுவர் பழுதடைவதுண்டு. அப்போது உள் அடுக்கில் ஒரு கீறல் விழுந்தால் என்ன ஆகும்? அழுத்தத்தோடு வரும் இரத்தம் அந்தக் கீறலின் வழியே நடு அடுக்கிற்குள் புகுந்து, ஏடுகளைப் பிரித்துக்கொண்டு, சில சமயம் மார்பிலிருந்து இடுப்பு வரையிலும் ஓடிவிடும். வெள்ளம் கரையை உடைத்து வெளியே வராமல், கரையின் மண்ணுக்குள்ளேயே ஒரு வழி குடைந்துகொண்டு ஓடுவது போன்ற நிலை இது. இப்போது ஒரு நாடிக்குள் இரண்டு குழல்கள். இரத்தம் இயல்பாகச் செல்லும் வழி மெய்க்குழல். சுவரைப் பிளந்து உண்டான வழி பொய்க்குழல். இரண்டிற்கும் நடுவே ஒரு மெல்லிய மடல் ஆடிக்கொண்டிருக்கும். பொய்க்குழலின் வெளிச்சுவர் முழுச் சுவர் அன்று. பிளந்துபோன சுவரின் வெளிப்பகுதி மட்டுமே. அதன் வலிமை குறைவு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் செய்தி முழுவதும் இதைப் பொறுத்தது.

இந்நோய் அரண்மனைகளையும் விடவில்லை. 1760-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள் காலை, இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜார்ஜ், லண்டன் கென்சிங்டன் அரண்மனையில் வழக்கம்போல் எழுந்தவர், திடீரென்று விழுந்து மாண்டார். வயது 76. அவர் உடலை ஆராய்ந்த அரச மருத்துவர் ஃபிராங்க் நிக்கல்ஸ், இதயத்தைச் சூழ்ந்த பை உறைந்த இரத்தத்தால் நிறைந்திருந்ததையும், பெருநாடியின் உட்புறத்தில் குறுக்காக ஒன்றரை அங்குல நீளக் கீறல் இருந்ததையும், அதன் வழியே இரத்தம் வெளி அடுக்கின் கீழே புகுந்து புடைத்திருந்ததையும் எழுதிவைத்தார். பிளக்கும் வீக்கம் என்னும் பொருள்பட இந்நோய்க்குப் பெயரிட்டவர், இதயத்துடிப்பைக் கேட்கும் குழலைக் கண்டுபிடித்த பிரெஞ்சு மருத்துவர் லென்னெக். அவர் அவ்வாறு எழுதியது 1819-இல்.

அறிந்துகொள்ளுதல் ஒன்று, காப்பாற்றுதல் மற்றொன்று. நிக்கல்ஸ் எழுதி ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் சென்ற பின்னரே இந்நோய்க்கு அறுவைச் சிகிச்சை கைகூடியது. அமெரிக்காவில் ஹூஸ்டன் நகர மருத்துவர் மைக்கேல் டிபேக்கியும் அவருடைய தோழர்களும் 1955-இல் தங்கள் வெற்றியை வெளியிட்டார்கள். 1965-இல் மைரன் வீட் என்பவரும் அவர் குழுவினரும், இரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பின் வேகத்தையும் மருந்துகளால் தணித்தே பல நோயாளிகளைக் காக்கலாம் என்று காட்டினர். இன்றும் இவ்விரு வழிகளே அடிப்படை. பிளவு இதயத்தை ஒட்டிய ஏறுபகுதியில் இருந்தால், தாமதமின்றி அறுவை செய்தாக வேண்டும். மணிக்கு மணி உயிராபத்துப் பெருகும். ஏறுபகுதியை விட்டு, இறங்குபகுதியில் மட்டும் இருந்தால், வேறு சிக்கல் இல்லாதவிடத்து, மருந்துகளே முதற் சிகிச்சை. 1970-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் வகுத்த பிரிவு இது. முன்னதை ஏ வகை என்றும் பின்னதை பி வகை என்றும் கூறுவர். என் நண்பருடையது பி வகை.

பி வகை நோயாளிகளில் பெரும்பாலோர் பிழைத்து வீடு திரும்புகிறார்கள். ஏ வகையில் அறுவை செய்துகொண்டவர்கள் பலருக்கும், மாற்றிவைத்த பகுதிக்கு அப்பால், இறங்குபகுதியில் பிளவு மிஞ்சியே இருக்கும். இவர்கள் எல்லோரும் மெய்க்குழலும் பொய்க்குழலுமாக ஆண்டுக்கணக்கில் வாழ்கிறார்கள். சிலருக்குப் பொய்க்குழலில் இரத்தம் உறைந்து, அது சுருங்கி, நாடி ஏறக்குறையப் பழைய நிலையை அடைகிறது. சிலருக்கு மாறுதலே இல்லை. வேறு சிலருக்கோ பொய்க்குழல் ஆண்டுதோறும் பெருத்து, கடைசியில் வெடிக்கும் நிலைக்கு வருகிறது. யார் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்று முதல்நாளே சொல்ல முடியுமா? இதுவே கேள்வி.

இதுவரை கைக்கொண்ட முறை அளவெடுப்பது. சி.டி. ஸ்கேன் என்னும் ஊடுகதிர்ப் படம் நாடியின் குறுக்களவை மில்லிமீட்டர் கணக்கில் காட்டுகிறது. அது ஐந்தரை அல்லது ஆறு சென்டிமீட்டரை எட்டினால், சிகிச்சை தேவை என்று கொள்கிறார்கள். இதற்குப் பௌதிகத்தில் நல்ல ஆதாரம் உண்டு. பிரெஞ்சுக் கணித மேதை லாப்லாஸின் பெயரால் வழங்கும் விதியின்படி, குழாய்ச் சுவரின் இழுவிசை, அழுத்தத்தையும் ஆரத்தையும் பெருக்கினால் வருவது. அழுத்தம் மாறாமல் குறுக்களவு 3 சென்டிமீட்டரிலிருந்து 6 சென்டிமீட்டர் ஆனால், சுவரின் இழுவிசை இரண்டு மடங்காகும். சுவரோ விரிய விரிய மெலிகிறது. ஆகவே, பெருத்த நாடி மேலும் எளிதாகப் பெருக்கும்.

எனினும், அளவு என்பது கழியில் ஏறிய நீர்மட்டம் போன்றது. வீங்கிய பிறகே வீக்கத்தைச் சொல்லும். மேற்சொன்ன டிபேக்கியின் வாழ்விலேயே இதற்கு ஒரு சான்று கிடைக்கிறது. இந்நோய்க்கு முதலில் அறுவைச் சிகிச்சை வகுத்த அவருக்கே, 2005-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள், 97-ஆம் வயதில், பெருநாடி பிளந்தது. அவர் உடனே அறுவைக்கு இசையவில்லை. அடுத்து எடுத்த படங்களில் நாடி பெருத்துக்கொண்டே வந்தது. 2006 பிப்ரவரியில், நினைவிழந்த நிலையில், அவர் வகுத்த வழியிலேயே அவருடைய சகாக்கள் அறுவை செய்தனர். பிழைத்தெழுந்து, 2008 ஜூலையில், 99-ஆம் வயதில் காலமானார். அந்த வாரங்களில் அளவு என்ன என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அது எங்கே போய் நிற்கும் என்பதே தெரியவில்லை.

"அப்படியானால், வீங்குமுன்னரே எல்லோருக்கும் சிகிச்சை செய்துவிட்டால் என்ன?" என்று உங்களில் ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. மார்பைத் திறக்காமல், தொடையிலுள்ள நாடியின் வழியே, துணி போர்த்த கம்பிச் சுருள் ஒன்றைச் செலுத்திக் கீறலை அடைக்கும் முறை 1999 முதல் இந்நோய்க்கும் வழங்கிவருகிறது. சிக்கலற்ற பி வகை நோயாளிகள் 140 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மருந்தோடு சுருளும், மற்றவர்க்கு மருந்து மட்டும் கொடுத்து ஐரோப்பாவில் ஒப்பிட்டார்கள். 2009-இல் வந்த இரண்டாண்டு முடிவில், உயிர் பிழைப்பதில் சுருளால் நன்மை காணப்படவில்லை. 2013-இல் வந்த ஐந்தாண்டு முடிவிலோ, பெருநாடியால் நேரும் மரணமும் நோயின் வளர்ச்சியும் சுருள் வைத்தவர்களிடம் குறைவாக இருந்தன. நன்மை உண்டு, ஆனால் அது மெதுவாக வருவது. சுருள் வைப்பதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. சிலருக்குப் பக்கவாதம் வரலாம். தண்டுவடத்திற்கு இரத்தம் குறைந்து கால்கள் செயலிழக்கலாம். பிளவு பின்னோக்கி இதயத்தை நெருங்கலாம். ஒருபோதும் வீங்காத நாடியுள்ளவருக்கு இந்த ஆபத்தை ஏன் தர வேண்டும்? வீங்கப்போகிறவரை ஏன் காத்திருக்க வைக்க வேண்டும்? முன்னறிதலின் அவசியம் இங்கேதான் இருக்கிறது.

இனி வரத்தையும் போக்கையும் பார்க்கும் கருவிக்கு வருவோம். அது எம்.ஆர்.ஐ. என்னும் காந்தப் படக்கருவி. 1973-இல் பால் லாட்டர்பர் இம்முறையில் முதற்படத்தை வெளியிட்டார். அவருக்கும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் 2003-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. நம் உடலில் பெரும்பகுதி நீர். நீரில் ஹைடிரஜன், அதன் கரு ஒரு புரோட்டான். வலிய காந்தப் புலத்தில் வைத்தால், புரோட்டான்கள் பம்பரம்போல் தலைசுற்றி ஆடுகின்றன. 1 டெஸ்லா வலிமையுள்ள புலத்தில் விநாடிக்கு 4 கோடியே 26 லட்சம் சுற்று. புலம் வலுத்தால் சுற்றும் வலுக்கும், குறைந்தால் குறையும்.

இதைக் கொண்டு ஓட்டத்தின் வேகத்தை அளப்பது எப்படி? ஒரு விளையாட்டுத் திடலைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மாணவர்கள் வரிசையாக நிற்கிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கடிகாரம். எல்லாம் ஒரே நேரம் காட்டுகின்றன. இப்போது, கிழக்கே செல்லச் செல்லக் கடிகாரம் வேகமாக ஓடும்படி ஒரு மாயம் செய்கிறோம். சிறிது நேரம் கழித்து, அதே அளவு காலத்திற்கு, கிழக்கே செல்லச் செல்லக் கடிகாரம் பின்வாங்கும்படி செய்கிறோம். நின்ற இடத்திலேயே நின்ற மாணவனுக்கு, முன்சென்றதும் பின்வந்ததும் சமமாகிக் கடிகாரம் சரியான நேரம் காட்டும். இடையில் நடந்துவிட்ட மாணவனுக்கோ கணக்கு நேராகாது. ஒரு பிழை மிஞ்சும். வேகமாக நடந்தவனுக்கு மிகுந்த பிழை. மெதுவாக நடந்தவனுக்குக் குறைந்த பிழை. எதிர்த்திசையில் நடந்தவனுக்கு எதிர்ப்பிழை. புரோட்டானே அந்தக் கடிகாரம். இடத்திற்கு இடம் காந்தப் புலத்தைச் சரிவாக மாற்றிப் பிறகு அச்சரிவைத் திருப்புவதே அந்த மாயம். மிஞ்சிய பிழையிலிருந்து வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். மனித உடலில் ஓட்டத்தை இவ்வாறு படமாக்கும் வழியைப் பால் மோரன் என்பவர் 1982-இல் எடுத்துரைத்தார்.

இவ்வளவையே நீளம், அகலம், உயரம் என்னும் மூன்று திசைகளிலும் செய்து, இதயத் துடிப்பின் ஒவ்வொரு கட்டத்திலும் திரும்பத் திரும்ப அளந்தால், மார்பிலுள்ள ஒவ்வொரு சிறு கனசதுரத்திலும் இரத்தம் எந்த நொடியில் எத்திசையில் எவ்வளவு வேகத்தில் செல்கிறது என்று தெரிந்துவிடும். இடத்தின் பரிமாணம் மூன்று, காலம் ஒன்று, ஆக நான்கு. ஆதலால் இதனை நாற்பரிமாண ஓட்டப் படம் என்கிறார்கள். ஊடுகதிர் இல்லை, உடலைக் கீறுவதும் இல்லை. நோயாளி பத்து நிமிடமோ சற்று மேலோ அசையாமல் படுத்திருந்தால் போதும்.

பிளந்த நாடியை இவ்வாறு நோக்கும்போது, படத்தில் இரு வேறு ஆறுகள் தெரிகின்றன. மெய்க்குழலில் இரத்தம் நேராகவும் விரைவாகவும் முன்செல்கிறது. பொய்க்குழலில் மெதுவாகவும் சுழித்தும் செல்கிறது. இதயம் சுருங்கும்போது நுழைவாய்க் கீறலின் வழியே ஒரு பீறல் உள்ளே பாய்கிறது. கீழே வெளிவாய்க் கீறல்கள் தாராளமாக இருந்தால், உள்ளே வந்த இரத்தம் அவற்றின் வழியே மெய்க்குழலைச் சேர்ந்துவிடும். வெளிவாய் குறுகியோ அடைபட்டோ இருந்தால் என்ன ஆகும்? வந்த இரத்தம் போக வழியின்றிச் சுவரை நெருக்குகிறது. இதயம் தளரும் வேளையில், வந்த வழியாகவே ஒரு பகுதி திரும்பிவருகிறது. முதியவர் கேட்ட இரண்டாவது கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது: கலிங்கு அடைபட்ட ஏரி இது.

இக்கருத்துக்கு 2007-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி துணைநிற்கிறது. பல நாட்டு மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தும் பதிவேட்டிலிருந்து, பி வகைப் பிளவுடைய 201 பேரின் வரலாற்றை ஆராய்ந்தார்கள். பொய்க்குழலில் இரத்தம் அறவே உறையாதவர்களைவிட, அரைகுறையாக உறைந்தவர்களே வீடு திரும்பியபின் மிகுதியாக இறந்தனர். உறைவது நல்லதென்று எண்ணியிருந்தவர்களுக்கு இது வியப்பாக இருந்தது. உறைந்த கட்டி வெளிவாய்களை அடைத்துப் பொய்க்குழலை ஒரு முட்டுச்சந்தாக்கி, அழுத்தத்தை ஏற்றியிருக்கலாம் என்று அவர்கள் விளக்கம் கூறினர்.

விளக்கம் அழகாக இருந்தால் போதாது. அளந்து காட்ட வேண்டும். லண்டன் கிங்ஸ் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் 2012-இல், மிகச் சிறிய ஒரு குழுவில், பொய்க்குழலில் பாயும் இரத்தத்தின் அளவும் வேகமும் சுழற்சியும் நாடியின் வளர்ச்சியோடு தொடர்புடையன என்று கண்டனர். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 2020-இல் இதனை ஓர் எளிய பின்னமாக்கினார்கள். இதயம் சுருங்கும்போது நுழைவாயின் வழியே பொய்க்குழலுக்குள் சென்ற இரத்தம் எவ்வளவு? தளரும்போது அதே வாயின் வழியே திரும்பியது எவ்வளவு? பின்னதை முன்னதால் வகுக்க வேண்டும். ஒரு துடிப்பில் 20 மில்லிலிட்டர் உள்ளே சென்று 5 மில்லிலிட்டர் திரும்பினால், நூற்றுக்கு 25. ஐந்தாம் வகுப்புக் கணக்குத்தான். அவர்கள் ஆராய்ந்த 18 பேரில், இந்தப் பின்னம் பெரிதாக இருந்தவர்களுக்கு நாடி விரைந்து பெருத்திருந்தது.

வேகத்திலிருந்து அழுத்தத்தையே கணக்கிடும் முயற்சியும் நடைபெறுகிறது. இதற்கு வித்திட்டது 1738-இல் டேனியல் பெர்னூலி தம் நூலில் வெளியிட்ட கருத்து. பெர்னூலி கணித மேதை மட்டுமல்லர், மருத்துவமும் பயின்றவர். ஒடுங்கிய வாயின் வழியே இரத்தம் பீறிடும்போது, வேகத்தை மீட்டரில் கொண்டு அதன் வர்க்கத்தை நான்கால் பெருக்கினால், இருபுறத்து அழுத்த வேறுபாடு பாதரச மில்லிமீட்டரில் ஏறக்குறையக் கிடைக்கும். விநாடிக்கு 2 மீட்டர் என்றால் 16 மில்லிமீட்டர். இதனினும் நுட்பமான கணிதத்தைக் கையாண்டு, பொய்க்குழல் அழுத்தத்தையும் நாடியின் வளர்ச்சியையும் ஒப்பிட்ட ஆராய்ச்சி 2021-இல் வெளிவந்தது. 2022-இல் ஸ்பெயின் நாட்டுப் பார்சிலோனாவிலிருந்து வந்த ஆராய்ச்சி இவற்றினும் பெரியது. 130-க்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, பொய்க்குழல் ஓட்டத்தின் சில குறிகள் பின்வரும் ஆபத்தை முன்கூட்டியே அறிய உதவுகின்றன என்று அது காட்டியது.

இவ்வளவும் கேட்டபின், "விடை கிடைத்துவிட்டது" என்று நீங்கள் கைதட்டிவிடக் கூடாது. 18 பேர் என்பது ஒரு வகுப்பறையின் பாதிகூட இல்லை. ஒரு வகுப்பில் உயரமான மாணவர்கள் கணக்கில் மிகுந்த மதிப்பெண் பெற்றால், உயரமே காரணம் என்று முடிவுகட்டலாமா? ஒரு குழுவில் கண்ட உறவு, முன்பின் அறியாத மற்றொரு குழுவிலும் நிற்கிறதா என்று சோதித்தாக வேண்டும். மேலும், நாடி பெருப்பதற்கு ஓட்டம் ஒன்றே காரணம் அன்று. நுழைவாயின் அகலம், இழைகளின் பிறவி வலிமை, நோயாளியின் இரத்த அழுத்தம் எனப் பல உள. கருவிக்கும் குறைகள் உண்டு. மெய்க்குழலின் வேகத்திற்கு ஏற்ப அதைச் சரிப்படுத்தினால், பொய்க்குழலின் மந்தமான ஓட்டம் தெளிவின்றிப் போகும். கம்பிச் சுருள் வைத்த இடத்தில் உலோகம் படத்தைக் கெடுக்கும். ஆகவே சிகிச்சையை முடிவுசெய்வதில் இன்றும் குறுக்களவே முன்நிற்கிறது. ஓட்டப் படம் அதன் அருகே வந்து நிற்கும் புதிய சாட்சி; அதன் வாக்குமூலம் இன்னும் முழுமையாகச் சோதிக்கப்படவில்லை.

இந்நோயைப் பற்றி இன்றே நாம் உறுதியாகச் செய்யக்கூடியவை இரண்டு. உங்கள் வீட்டுப் பெரியவர்களின் இரத்த அழுத்தத்தை அளக்கச் செய்யுங்கள். கூடியிருந்தால், மருத்துவர் தந்த மருந்தை இடையில் நிறுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மார்பிலோ முதுகிலோ திடீரென்று கிழிப்பது போன்ற வலி யாருக்கேனும் கண்டால், வாய்வு என்றும் பிடிப்பு என்றும் தைலம் தடவிக் காலம் கடத்தாமல், அந்தக் கணமே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

படித்ததையெல்லாம் என் நண்பரிடம் சென்று சொன்னேன். அவர் ஓவியர் அல்லவா? கேட்டுக்கொண்டே ஒரு தாளில் ஏரியை வரைந்தார். வரத்துக்காலை வரைந்தார், கரையை வரைந்தார், கலிங்கை வரையுமிடத்தில் பென்சிலை நிறுத்திக்கொண்டு, "என்னுடையது எப்படி இருக்கிறதென்று எப்போது பார்ப்பார்கள் சார்?" என்றார். இன்னும் பலரை, இன்னும் பல ஆண்டுகள் அளந்து பார்த்த பிறகுதான் அந்தப் படத்தை நம்பிச் சிகிச்சை செய்ய முடியும் என்று சொன்னேன். அதுவே உண்மை, ஆறுதலுக்காக வேறொன்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கலிங்கின் இடத்தில் ஒரு கேள்விக்குறியைப் போட்டுத் தாளை என்னிடம் கொடுத்தார்.

அந்தத் தாள் என் மேசைமேல் இருக்கிறது. அக்கேள்விக்குறியை அழிக்க மருத்துவம் மட்டும் போதாது. காந்தத்தை அறிந்த பௌதிகரும், ஓட்டத்தின் சமன்பாடுகளைத் தீர்க்கும் கணிதரும், கருவியைச் செப்பனிடும் பொறியியலாரும், ஆண்டுக்கணக்கில் பொறுமையோடு நோயாளிகளைத் தொடர்ந்து கவனிப்பவர்களும் வேண்டும். குழாயில் நீர் ஓடும் பாடத்தைத் தேர்வுக்காக மட்டும் படித்துக்கொண்டிருக்கும் மாணவர்கள், அந்தப் பாடத்தின் மறுமுனையில் ஒரு மனிதர் விடைக்காகக் காத்திருக்கிறார் என்பதையும் அறிந்து படிப்பார்களாக.